பத்துக்கு எத்தனை

செவ்வாய்க்கிழமைகளில் எனக்குக் குடல்வால் வீங்கும்.
காலை எட்டு மணிக்கு, மருத்துவக் கல்லூரி இரண்டாம் மாடியில்,
மணிக்கு இவ்வளவு என்று பேசி.
சன்னலுக்கு வெளியே
ஆறா கடலா என்று ஊரே முடிவு செய்யாத தண்ணீர்.
பன்னிரண்டு மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து
அடிவயிற்றை அழுத்துவார்கள்.
பத்துக்கு எத்தனை வலி என்பார்கள். ஏழு என்பேன்.
அழுத்தும்போது பல்லைக் கடித்தால் போதும்,
கையை எடுக்கும்போதுதான் துடிக்க வேண்டும்.
அந்த அரை நொடித் தாமதம் என் தொழில்.

வியாழன் என்றால் கணவனை இழந்தவள், தூக்கமில்லை.
ஒரு வியாழன் ஒரு பையன் எனக்காக அழுதுவிட்டான்.
அவனுக்கு மதிப்பெண் குறைத்தார்கள்.

மாலையில் நான் கதவு.

தாபாரேயின் நாடகத்தில் வசனம் கிடையாது.
மோன்தேவீதேயோ துறைமுகத்துக்குப் பின்னால்
கம்பளி மூட்டை அடுக்கிய பழைய கிடங்கு,
மழை பெய்தால் இன்றும் ஆட்டு வாடை எழும்.
ஐம்பது நிமிடம் நிற்கிறேன்.
இரூபே தட்டுவாள். பெனிக்னோ உதைப்பான்.
கடைசியில் ஒருவரும் திறக்காதபோது
நானே திறந்துகொள்ள வேண்டும்,
இடது முட்டியில் மொத்த உடலையும் சுழற்றி,
கீல் சத்தம் இல்லாமல்.

கதவுக்கு என்ன வேண்டும், கதவுக்கு என்ன வேண்டும் என்று
ஆறு வாரம் கேட்டான் தாபாரே.
எண்ணெய், என்றேன்.
அவன் அதைக் குறித்துக்கொண்டான்.

பார்வையாளர் பதினொரு பேர்.
அதில் மூவர் விளக்குப் போடும் ரோசெந்தோவின் சொந்தக்காரர்கள்.
கூட்டுறவுக் குழு, வசூல் சமபங்கு:
இயக்குநருக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று,
உதைக்கிறவனுக்கும் ஒன்று.
போன ஞாயிறு என் பங்கில்
வீட்டுக்கு பஸ் டிக்கெட்டும் அரைக் கிலோ மாத்தே இலையும் வந்தது.

தங்கை தொலைபேசியில் கேட்பாள்,
"இப்போ என்னவா நடிக்கிற?"
ஒரு வருடம் நான் ஈரமாக இருந்தேன்.
ஈரமான யார்?
யாருமில்லை. ஈரம்.
அதற்கு முன் யாருடைய இடது கையோ.
மகாராணியாக ஒரே ஒரு முறை,
அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டு.

ஜூலைக் குளிரில் முட்டி போய்விட்டது.
கதவு பாதி திறந்து நின்றது.
அதையும் நாடகம் என்று எடுத்துக்கொண்டார்கள்,
ஒரு பெண் கைதட்டக்கூடச் செய்தாள்.

பொது மருத்துவமனை, இரவு பதினொன்றரை.
திரையை விலக்கி வந்த மருத்துவனுக்கு இருபத்தேழு வயதிருக்கும்.
என்னைப் பார்த்தான். அட்டையைப் பார்த்தான். மறுபடி என்னை.
"குடல்வால்," என்றான்.
"முட்டி," என்றேன்.
"இல்லை, நீங்கள்... செவ்வாய்க்கிழமை."
அவன் கண் அறையின் மூலைகளில் தேடியது,
மதிப்பெண் போடுகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று.

வலியைச் சொல்லத் தொடங்கினேன்.
சொல்லச் சொல்ல அது நன்றாக வந்தது.
மூச்சு சரியான இடத்தில் நின்றது.
விரல்கள் கட்டிலின் ஓரத்தை அளவோடு பற்றின.
இருபது வருடப் பயிற்சி ஓடி வந்து
என் வலிக்கு உடுப்பு மாட்டிவிட்டது.
பத்துக்கு எத்தனை?
ஏழு, என்று வாய் தானாகச் சொன்னது.
அவன் நம்பவில்லை.
நானாயிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

அப்புறம்தான் கதவு ஞாபகம் வந்தது.
முகத்தை எடுத்துவிட்டேன். கைகளையும்.
ஒன்றும் வேண்டாமல்
மரத்துப்போய்க் கிடந்தேன்.
குனிந்து முட்டியைத் தொட்டான்.
அழுத்தினான்.
கையை எடுத்தான்.

அரை நொடியெல்லாம் இல்லை.
முன்னே, பின்னே, தப்பான இடங்களில்,
ஒழுங்கில்லாமல் வலித்தது.
நான் எங்கும் ஒத்திகை பார்க்காத ஒரு சத்தம்
தொண்டையிலிருந்து வந்தது,
துருப்பிடித்த கீல் மாதிரி.

"இது நிஜம்," என்றான் பெர்மின்,
பெயர் சட்டையில் தைத்திருந்தது,
கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

ஊன்றுகோலை நாடகத்தில் சேர்க்கலாமா என்கிறான் தாபாரே.
அதற்குத் தனிப் பங்கு உண்டா என்று கேட்டிருக்கிறேன்.

செவ்வாய் காலை கல்லூரிக்கு நொண்டிக்கொண்டு போனேன்.
பன்னிரண்டு பேரும் காலையே பார்த்தார்கள்.
அது வினாத்தாளில் இல்லை, என்றேன்.
வயிற்றைப் பாருங்கள்.